சல்யூட் அடிக்கும் ரோபோ போதுமா?

இயந்திர மனிதன் என்றாலே பலருக்கும் ஞாபகம் வருவது சினிமாதான். ஆனால் கேரளாவில் அது நிஜமாகவே போலீஸ் வேலையில் சேர்ந்துவிட்டது! 2019 பிப்ரவரியில், திருவனந்தபுரம் காவல்துறைத் தலைமையகத்தில் 'கேபி-பாட்' என்ற ரோபோவுக்கு சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்து கொடுத்தார்கள். தொடங்கி வைத்த முதல்வர் பினராயி விஜயனுக்கு அது சல்யூட் அடித்தது. வருகிறவர்களை வரவேற்று வழி சொல்வதுதான் அதற்குக் கொடுத்த வேலை.

இதில் நன்மை இல்லாமல் இல்லை. ரோபோ எரிந்து விழாது. லஞ்சம் கேட்காது. நூறாவது முறை கேட்டாலும் அதே பதிலைப் பொறுமையாகச் சொல்லும். அரசு அலுவலகங்களில் அலைந்தவர்களுக்கு இதுவே பெரிய விஷயம்தான்.

ஆனால் மக்கள் அங்கே வருவது வரவேற்புக்காகவா? முதியோர் பென்ஷன் நின்றுபோன ஒரு பாட்டி, "காசு வரலைப்பா" என்று மட்டும்தான் சொல்வார். எந்த மாதத்திலிருந்து, எந்த பேங்க், ஆதாரில் பெயர் சரியாக இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டுத்தான் பிரச்சினையைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதி சொன்னதை வைத்து மீதியைப் புரிந்துகொள்வதுதான் உண்மையான உதவி.

அதில் ரோபோக்கள் சறுக்கியிருக்கின்றன. ஜப்பானில் 2015-ல் ரோபோக்களை வைத்தே திறக்கப்பட்ட 'ஹென் நா' ஹோட்டலில், அறையில் இருந்த பொம்மை ரோபோ விருந்தாளியின் குறட்டையைக் கேள்வி என்று நினைத்து, அவரை எழுப்பிப் பதில் சொன்னது! 2019-ல் அங்கிருந்த 243 ரோபோக்களில் பாதிக்கு மேல் நீக்கிவிட்டார்கள். இன்றைய ரோபோக்கள் பேச்சை இன்னும் நன்றாகப் புரிந்துகொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் தவறு நடந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

தென்கொரியாவின் குமி நகராட்சி 2023-ல் வேறு மாதிரி யோசித்தது. அங்கே ரோபோ, தானே லிப்டில் ஏறி இறங்கி ஆவணங்களைக் கொண்டு சேர்த்தது. 2024 ஜூனில் படிக்கட்டில் விழுந்து செயலிழந்தது. விழுந்தால் என்ன, கோப்பை இன்னொருவர் எடுத்துப் போகலாம். கவுண்டரில் ரோபோ தவறாகப் புரிந்துகொண்டால், வெறுங்கையோடு திரும்பிப் போவது அந்தப் பாட்டி அல்லவா?

கோப்பைச் சுமக்க ரோபோ வரட்டும். அதனால் மிச்சமாகும் நேரத்தில் ஊழியர் கவுண்டரில் உட்கார்ந்து கேட்கட்டும். ரோபோவைக் காட்டி ஊழியரைக் குறைத்தால் அது முன்னேற்றம் அல்ல, வெறும் கண்காட்சி!