ஒற்றைக் கை ஃபோர்க் வண்டி வாங்கலாமா?

போன வாரம் அம்பத்தூர் ஓ.டி. டீக்கடையில் பழைய மாணவர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "சார், உங்ககிட்டதான் கேக்கணும்னு இருந்தேன். தங்கச்சி எஸ்டேட்ல செகண்ட் ஷிஃப்ட். ராத்திரி பதினொரு மணிக்கு மேல பட்டாபிராம் வரைக்கும் வரணும். செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஓலா எஸ்1 ப்ரோ வருது, 2022 மாடல். முன்னாடி ஒரு பக்கம் மட்டும்தான் ஃபோர்க். வாங்கலாமா சார்?"

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முன்சக்கரத்தை ஒரே பக்கமாகத் தாங்குவது புதிய யோசனை இல்லை. 1946-இல் இத்தாலியில் வெஸ்பாவை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். விமானத்தின் சக்கரக் கால் போலவே ஸ்கூட்டருக்கும் ஒரு கை வைத்தார். நட்டுகளைக் கழற்றினால் சக்கரம் கையோடு வந்துவிடும், ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு போகலாம். நம் வீட்டு பஜாஜ் சேத்தக்கும் அதே வழிதான். பஞ்சரானால் ஓரமாகச் சாய்த்துப் பத்து நிமிடத்தில் சக்கரம் மாற்றிய தலைமுறை நாங்கள். குறையும் இருந்தது. முன் பிரேக்கை அழுத்தினால் வண்டி மூக்கைக் குத்தும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை பின்னோக்கி இருப்பதால், பிரேக்கின் திருப்புத்திறன் அந்தக் கையை மேலே தூக்குகிறது, வண்டியின் முன்பக்கம் கீழே இறங்குகிறது. அதே கை முன்னோக்கி இருந்தால் நேர் எதிர். 1958-இல் வந்த ஹோண்டா சூப்பர் கப்பில் பிரேக் பிடித்தால் முன்பக்கம் எழும்பும். பத்தாம் வகுப்பில் திருப்புத்திறன் நடத்தும்போது சேத்தக்கை வகுப்பு வாசலில் நிறுத்திக் காட்டியிருக்கிறேன்.

இன்று எல்லா வண்டியிலும் இருக்கிற இரட்டைக் குழாய் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்தான் சிறந்ததா? கணக்குப்படி இல்லை. திருப்புவது, பிரேக்கைத் தாங்குவது, பள்ளத்தை விழுங்குவது, மூன்று வேலையையும் ஒரே குழாய் செய்கிறது. பிரேக் பிடித்ததும் பாரம் முன்னால் வந்து ஸ்பிரிங் அமுங்கிவிடும். அந்த நேரம் பார்த்துப் பள்ளம் வந்தால், மிச்சமிருக்கும் கொஞ்ச தூரத்தில்தான் அது சமாளிக்க வேண்டும். சி.டி.எச். ரோட்டில் இருட்டில் பள்ளத்தைக் கடைசி நொடியில் பார்ப்பவர்கள் எல்லோரும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டேதான் அதில் இறங்குகிறோம். இதைத் தீர்க்க பி.எம்.டபிள்யூ. 1993-இல் டெலிலீவர் கொண்டுவந்தது. பிரேக்கின் விசையைத் தனியாக ஒரு கை வாங்கிக்கொள்ளும், ஸ்பிரிங் தன் வேலையை மட்டும் பார்க்கும். அருமையான ஏற்பாடு. ஆனால் எடை, விலை, கூடுதலாக ஒரு பால் ஜாயின்ட். அதே கம்பெனியும் தன் எல்லா மாடலுக்கும் அதைப் போடவில்லை.

நம் ஆவடியிலேயே இந்த வழக்கு நடக்கிறது. கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவான டி-72, டி-90 டாங்கிகளுக்குப் பழைய முறை முறுக்குக் கம்பி. அர்ஜுனுக்கு எண்ணெயும் வாயுவும் சேர்ந்து தாங்குகிற ஹைட்ரோ-நியூமேட்டிக். இரண்டும் ஒரே மதிலுக்குள். இதில் எது உசத்தி என்று பட்டாபிராம் ரயிலில் ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் சண்டை போட்டதைக் கேட்டிருக்கிறேன்.

புதுமை என்றாலே ஆகாது என்று நான் சொல்லவில்லை. 1949 புல்லட்டுக்குப் பின்னால் ஸ்விங் ஆர்ம் வைத்தபோது, பல வண்டிகளுக்குப் பின்சக்கரத்தில் ஸ்பிரிங்கே கிடையாது, சீட்டுக்கு அடியில் மட்டும்தான். பிறகு அதுவே ஊர் வழக்கம் ஆனது. மோனோஷாக்கும் அப்படித்தான். 2008-இல் யமஹா ஆர்15 வந்தபோது பையன்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். இன்று யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. திரும்பிப் போனவையும் உண்டு. ஆக்டிவா முதலில் வந்தது பாட்டம் லிங்க்கோடு. 2020 ஜனவரியில் 6ஜி வந்தபோது டெலஸ்கோப்பிக்குக்கு மாறிவிட்டது.

இப்போது தங்கையின் வண்டி. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் செய்யப்பட்டது. 2022-இல் அந்த வண்டிகளில் சிலவற்றின் முன் ஃபோர்க் உடைந்து கிடந்த படங்கள் சமூக ஊடகங்களில் வந்தன. சோதித்துப் பார்த்துத்தான் விற்கிறோம் என்றது நிறுவனம். 2023 மார்ச்சில், விரும்புகிறவர்களுக்குப் புதிய ஃபோர்க்கை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. அந்த ஆகஸ்டில் வந்த இரண்டாம் தலைமுறை எஸ்1 ப்ரோவில் இரண்டு கால் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்.

ஒற்றைக் கை என்பதே தப்பு என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. வெஸ்பா எழுபத்தைந்து ஆண்டுக்கு மேலாக அப்படித்தான் ஓடுகிறது. பஜாஜின் மின்சார சேத்தக்கும் ஒற்றைக் கையோடுதான் வந்தது. ஆனால் பாரம் ஒரே பக்கம் தொங்கும்போது, குழியில் இடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கை பக்கவாட்டில் வளையப் பார்க்கும். அதற்கு ஏற்ற கனம், நல்ல உலோகம் வேண்டும், அங்கே கை வைத்துச் சிக்கனம் பண்ணக்கூடாது. இரட்டைக் காலில் ஒன்று லேசாக வளைந்தாலும் இன்னொன்று கொஞ்சம் தாங்கும். இங்கே இன்னொன்று இல்லை.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. தஸ்கானியோவுக்கு ஒரு காரணம் இருந்தது, ஸ்டெப்னி. இன்றைய மின்சார ஸ்கூட்டரில் ஸ்டெப்னி எங்கே? டியூப்லெஸ் டயரில் பஞ்சர் ஒட்ட யாரும் சக்கரத்தைக் கழற்றுவதே இல்லை. காரணம் போய்விட்டது, வடிவம் மட்டும் மிச்சம். பார்க்க அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அழகுக்காக ஒரு காலைக் குறைப்பது ஷோரூமில் சரி. பாதி தோண்டிப் பாதி மூடிய ரோட்டில் ராத்திரி பதினொரு மணிக்கு வருகிற பெண்ணுக்கு அதில் என்ன லாபம்?

ரிப்பேரையும் யோசிக்க வேண்டும். டெலஸ்கோப்பிக்கில் ஆயில் சீல் போனால் பூந்தமல்லி கரையான்சாவடியிலோ திருமுல்லைவாயலிலோ எந்தத் தெருமுனை மெக்கானிக்கும் மாற்றித் தருவார். ஃபோர்க் வளைந்தால் பெண்டு எடுக்கவும் ஆள் உண்டு. கம்பெனியிலிருந்து மட்டும் வர வேண்டிய வார்ப்பு உடைந்தால், பார்ட்ஸ் வரும்வரை தங்கை ஷேர் ஆட்டோவில் போக வேண்டியதுதான்.

அதனால் மாணவருக்குச் சொன்னது இது. "சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, ஃபோர்க் மாத்தியாச்சான்னு சர்வீஸ் சென்டர்ல எழுத்துல வாங்குப்பா. மாத்தலைன்னா விலை எவ்வளவு குறைச்சாலும் வேண்டாம். அந்தக் காசோட இன்னும் கொஞ்சம் போட்டு ரெண்டு கால் இருக்கிற வண்டியாப் பாரு." அவர் முகம் கொஞ்சம் வாடியது, கலர் பிடித்திருக்கிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியைப் பார்க்கப் போகிறோம். தங்கையையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். ஓட்டப்போவது அந்தப் பெண்தான், இதுவரை அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.