அறிவிப்புப் பலகையும் ஆராய்ச்சிக்கு உரியதே
(முதுகலைத் தமிழ், இரண்டாமாண்டு)

முனைவர் பட்ட ஆய்வுக்கு என்ன தலைப்பு எடுக்கப் போகிறாய் என்று பேராசிரியர் கேட்டார். "அலுவலகத் தமிழ் ஐயா, அதிலும் தண்ணீர், காடு, சுற்றுச்சூழல் பற்றிய அறிவிப்புகள்" என்றேன். வகுப்பில் சிரிப்பொலி எழுந்தது. சங்க இலக்கியத்தை விட்டுவிட்டுச் சுற்றறிக்கையா என்பது நண்பர்களின் கேலி. அவர்களுக்கு என் விடை இது.

காவிரி நீர் எங்கள் தெருவுக்கு வருமுன் நாங்கள் நம்பியிருந்தது கைப்பம்பு ஒன்றையே. அதனருகே ஒரு பலகை: "புளோரைடு செறிவு வரம்பினை விஞ்சியுள்ளமையால் இவ்வாதாரம் பருகுதற்குரியதன்று." இலக்கணப் பிழை ஏதுமில்லை. எழுத்துக் கூட்டிப் படித்த என் பாட்டி, "ஆதார் இல்லாதவங்க இங்க தண்ணி புடிக்கக் கூடாதாம் கண்ணு" என்று சொல்லிவிட்டுக் குடத்தை நிரப்பினார். அவரிடம்தான் ஆதார் அட்டை இருந்ததே!

நம் மாவட்டத்துப் பாறைகளிலிருந்து புளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைத் தொடர்ந்து குடித்தால் பல்லில் கறை படியும். அளவு மிகுந்தால் நாளடைவில் எலும்பு இறுகும். காய்ச்சினாலும் அது போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும். பாட்டி தினமும் காய்ச்சித்தான் குடித்தார். பலகையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியபோது அவரால் சம்மணமிட்டு உட்கார முடியவில்லை.

நிற்க. 2020இல் மத்திய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டது, ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்! அதை 22 மொழிகளிலும் பெயர்க்குமாறு டெல்லி உயர்நீதிமன்றம் ஜூன் 30 அன்று ஆணையிட்டது. நல்ல ஆணைதான். ஆனால் மொழிபெயர்த்தால் போதுமா? எங்கள் ஊர்ப் பலகை தமிழில்தானே இருந்தது?

அமெரிக்காவில் கில்லிங்ஸ்வொர்த், பாமர் என்னும் இருவர் சுற்றுச்சூழல் பூசல்களில் வழங்கும் எழுத்தை ஆராய்ந்து 1992இல் 'ஈக்கோஸ்பீக்' என்ற நூலை வெளியிட்டனர். கில்லிங்ஸ்வொர்த் வால்ட் விட்மன் கவிதைகளைப் பற்றியும் நூல் எழுதியவர். கவிதை படித்த கண்ணுக்குச் சுற்றறிக்கை தீட்டாகிவிடவில்லை. இங்கே நிர்மல் செல்வமணி திணைக் கோட்பாட்டைக் கொண்டே சூழலியலை ஆராய்ந்திருக்கிறார். நாமோ திணையை மனப்பாடம் செய்து தேர்வோடு விட்டுவிடுகிறோம்.

சென்ற விடுமுறையில் அந்தப் பலகையை என் போக்கில் திருத்தி எழுதிப் பாட்டியிடம் படித்தேன்: "இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். காய்ச்சினாலும் கெடுதல் போகாது. பல்லும் எலும்பும் கெடும்."

"இது புரியுது. சரி, அப்ப நல்ல தண்ணிக்கு எங்க போறது? அத எழுதலியே?" என்றார்.

நானும் அதை விட்டிருந்தேன்.