கறுப்புக் கம்பளியைக் கைவிடலாமா?

மார்கழி மாதம் கொல்லிமலைத் தேவனூர் நாட்டில் கனத்த போர்வை இல்லாமல் தூக்கம் வருமா? அந்தக் குளிருக்கு ஏற்றது கறுப்புக் கம்பளி. ஆடு மேய்ப்பவருக்கு அதுதான் பாய். மழையில் அதுதான் குடை.

குரும்பர்கள் ஆட்டு மயிரைக் கத்தரித்து, நூற்று, புளியங்கொட்டைப் பசை பூசிக் குழித்தறியில் நெய்வார்கள். சாயம் வேண்டாம். ஆட்டின் கறுப்பே கம்பளியின் கறுப்பு!

இன்று செயற்கை இழைப் போர்வை மலிவாகக் கிடைக்கிறது. நெசவாளர் கை ஓய்கிறது. 1985-ம் ஆண்டுச் சட்டப்படி கம்பளி கைத்தறிக்கு ஒதுக்கப்பட்ட பொருள். ஆனால், வாங்க ஆள் இல்லாவிட்டால் சட்டம் மட்டும் தறியை ஓட்டுமா?

மலைப்பகுதி மாணவர் விடுதிகளுக்கு அரசாங்கம் கம்பளி வாங்கிக் கொடுக்கட்டும். நாமும் வீட்டுக்கு ஒன்று வாங்குவோம். விலை சற்றுக் கூடுதல்தான். ஆனால் பல ஆண்டு உழைக்கும்; ஒரு குடும்பத்தின் அடுப்பும் எரியும்!