நிழல் தந்த மரத்தை மறவோம்

ஆலயம் என்றதும் வானளாவும் இராஜகோபுரமே நம் கண்முன் தோன்றுகிறது. ஆனால், கடல் கடந்து சிங்கைக்கு வந்த நம் முன்னோர்க்குக் கோபுரங்கள் எழுவதற்கு முன்பே கோயிலாய் நின்றவை மரங்களே.

தைப்பூசத் திருநாளில் காவடிகள் சென்றடையும் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி ஆலயம் 1859-இல் எழுந்தது. அதற்கு முன்னரே அங்கு ஒரு குளக்கரையில், அரச மரத்தடியில் வேல் வைத்து மக்கள் வழிபட்டு வந்தனர். வாட்டர்லூ ஸ்திரீட் கிருஷ்ணன் ஆலயம் 1870-இல் ஓர் ஆலமரத்தடியில் தொடங்கியது. சிலோன் ரோடு விநாயகரோ, குளக்கரையில் நின்ற செண்பக மரத்தின் பெயரையே தம் திருப்பெயரில் இன்றளவும் தாங்கி அருள்பாலிக்கிறார். அண்டை மலேசியாவின் தோட்டப்புறங்களிலும் மரத்தடியில் கல்லும் சூலமும் நட்டுத் தொடங்கிய வழிபாடு பின்னர் கோயிலாக வளர்ந்தது உண்டு.

இது தாயகத்திலிருந்து வந்த மரபு. சிதம்பரத்துக்குத் தில்லை, மதுரைக்குக் கடம்பு, காஞ்சி ஏகாம்பரநாதர்க்கு மா எனத் தலந்தோறும் ஒரு விருட்சம் உண்டு. அரசையும் ஆலையும் இம்மண்ணில் கண்டபோது, பிரிந்து வந்த ஊரையே கண்டதுபோல் நம்மவர் நெகிழ்ந்திருப்பர். பிள்ளை வரம் வேண்டித் தொட்டில் கட்டிய கிளைகள் எத்தனை தாய்மாரின் கண்ணீரை அறியும்!

அத்தகைய மரத்துக்கு நாம் செய்யும் கைம்மாறு என்ன? திருப்பணியின் பெயரால் வேர்ப்பகுதியைச் சிமெண்டால் மூடுகிறோம். நீரும் காற்றும் இறங்க வழியின்றி வேர் நலிகிறது. அடிமரத்தில் கற்பூரம் ஏற்றுகிறோம், பட்டை கருகுகிறது. மின்விளக்குத் தொங்கவிட ஆணி அறைகிறோம். வலம் வந்து வணங்கும் கைகளே வதைப்பது முறையாகுமா?

ஆலய நிர்வாகத்தினர்க்கு ஒரு வேண்டுகோள். திருப்பணி வரைபடத்தில் விமானத்துக்கு இடம் குறிக்கும்போதே மரத்துக்கும் இடம் குறியுங்கள். அடிமரத்தைச் சுற்றி மண் திறந்தே இருக்கட்டும். விளக்கேற்றும் மேடை சற்றுத் தள்ளி அமையட்டும். மெய்யன்பர்களும் எண்ணெய்க்கும் பாலுக்கும் பதிலாக ஒரு குடம் நீர் ஊற்றி வணங்கலாம்.

கோபுரத்தை 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக் குடமுழுக்குச் செய்யலாம். பட்டுப்போன மரத்தை எக்குடமுழுக்கும் துளிர்க்கச் செய்யாது. கூரையற்ற நாளில் தெய்வத்துக்கு நிழல் தந்த மரத்துக்கு, கோபுரம் கண்ட இந்நாளில் மூவடி மண் தருவோம்.