ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர்?

சென்ற கோடையில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அமெரிக்காவில் நான் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஊருக்குப் பக்கத்தில் வசிக்கும் தமிழர் ஒருவர். சொந்த ஊரைக் கேட்டார். ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் குரலில் ஒரு சின்னத் தயக்கம். ஆனாலும் காரியம் ஆக வேண்டுமே. "பையன் மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்றான். உங்க பேப்பர்ல அவன் பேரையும் சேத்துக்கிட்டா நல்லா இருக்கும் தம்பி."

பையன் எங்கள் ஆய்வகத்தில் இருந்தது ஆறு வாரம். அந்த இடமும் அப்பாவின் நண்பர் எங்கள் பேராசிரியரிடம் பேசி வாங்கித் தந்தது. முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அங்கே மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு 'ஆம்காஸ்' என்ற பொது விண்ணப்பம் உண்டு. மதிப்பெண்ணோடு 15 செயல்பாடுகள் வரை அதில் பட்டியலிடலாம். ஆய்வு, கருத்தரங்க உரை அல்லது போஸ்டர், வெளியான கட்டுரை என ஒவ்வொன்றுக்கும் தனி வகை. கட்டுரை கட்டாயமில்லை. ஆனாலும் வசதியுள்ள குடும்பங்கள் அந்த ஒரு வரிக்காக அலைகின்றன.

அதே ஆய்வகத்தில் இன்னொரு மாணவி. டாக்சி ஓட்டுநரின் மகள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள். மாலையில் மளிகைக் கடையில் பில் போடும் வேலை. சம்பளமில்லாமல் கோடை முழுக்க ஆய்வகத்தில் நிற்க அவளால் முடியாது. வாரம் இரண்டு காலை மட்டும் வந்து, ஓராண்டு முழுக்க நுண்ணோக்கிப் படங்களில் செல்களை எண்ணினாள். அந்த எண்ணிக்கையில்தான் எங்கள் கட்டுரையின் முக்கியமான வரைபடமே நிற்கிறது.

கட்டுரையின் முதல் வரைவில் அவள் பெயர் நன்றியுரையில் இருந்தது. எழுதியவன் நான். சேரியிலிருந்து வந்த முதல் பட்டதாரி நான். அந்தப் பையனின் அப்பா கேட்டிருக்காவிட்டால், கேட்கத் தெரியாத அவளைப் பற்றி யோசித்திருக்கவே மாட்டேன். மறுநாள் பேராசிரியரிடம் பேசினேன். பெயர் ஆசிரியர் பட்டியலுக்கு மாறியது.

விண்ணப்பம் நிரப்பும்போது அவள் கேட்டாள்: "பல்கலைக்கழக விழாவில் வைத்த போஸ்டர்தானே, அதையெல்லாம் எழுதலாமா?" தாராளமாக எழுது என்றேன். தலைப்பு, இடம், தேதி, நீ செய்த வேலை, அதில் நீ கற்றது. போஸ்டரைக் கட்டுரை என்று எழுதாதே. அனுப்பி மட்டும் வைத்த கட்டுரையை வெளியானதாகக் காட்டாதே. ஆசிரியர் வரிசையில் உன் இடம் எதுவோ அதையே போடு. எதுவும் அச்சாகாவிட்டாலும் நீ உழைத்த மணிநேரமும் ஆய்வுதான்.

1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில் அம்பேத்கர் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை வாசித்தார். மறு ஆண்டு அது 'இந்தியன் ஆண்டிக்வரி' இதழில் வெளியானது. இன்றைய விண்ணப்பத்தில் இவை ஓர் உரை, ஒரு கட்டுரை என்று இரண்டு வரிகள். அறிவு அவருடையது. அந்த அறைக்குள் நுழையக் கப்பல் ஏற்றிவிட்டது பரோடா அரசின் உதவித்தொகை.

நீட் வேண்டாம் என்று பேசும்போது, "அமெரிக்கா மாதிரி முழு ஆளுமையையும் பார்க்கலாமே" என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். நீட்டில் பயிற்சி மையத்துக்குக் கட்டும் பணம் மதிப்பெண்ணாக மாறுகிறது. அங்கே அப்பாவின் அறிமுகங்கள் ஆய்வு அனுபவமாக மாறுகின்றன. இரண்டுக்கும் சூட்டப்படும் பெயர் 'தகுதி'. எதைப் பார்க்கிறோம் என்பதோடு, அதைச் சேர்க்கும் வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது என்றும் கேட்காத எந்த முறையும் நமக்கு உதவாது.

ஆய்வகங்களில் இருக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோடை இடங்களைத் தெரிந்தவர்களுக்குள் முடிக்காமல் வெளிப்படையாக அறிவிக்கச் சொல்லுங்கள். மாணவர் உழைப்புக்குச் சம்பளம் கேளுங்கள். உங்கள் கட்டுரையின் நன்றியுரையை இன்னொரு முறை படியுங்கள். ஆசிரியராக இருக்க வேண்டிய யாரோ ஒருவர் அங்கே நின்றுகொண்டிருக்கலாம்.