28ஆம் கட்டத்தில் எழுதப்பட்ட காரணம்

அமெரிக்காவில் வாழும் எமது பெற்றோர், பிள்ளை மருத்துவம் படிப்பதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவர். படையில் சேர்ந்து, ஒப்பந்தக் காலம் முடியுமுன்னரே வீடு திரும்பிய பிள்ளையைப் பற்றியோ எவரும் வாய் திறப்பதில்லை. அத்தகைய பிள்ளைகள் எம்மிடையே இல்லாமலில்லை. குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ இல்லாதவர்களையும் மொழித்திறனுக்காகச் சேர்த்துக்கொண்ட ‘மாவ்னி’ திட்டத்தின் மொழிப்பட்டியலில் தமிழும் இடம்பெற்றிருந்தது. அத்திட்டத்தின் சேர்க்கை 2016இல் நிறுத்தப்பட்டது. இங்கு பிறந்து வளர்ந்து, தாமாகவே படைக்குச் சென்ற எம் இளையோரும் உள்ளனர்.

அமெரிக்கப் படையில் பணியாற்றி வெளியேறுவோருக்கு ‘டிடி 214’ என்னும் பத்திரம் வழங்கப்படுகின்றது. அதன் 24ஆம் கட்டத்தில் பணியின் தன்மை குறிக்கப்பட்டிருக்கும். 27ஆம் கட்டம் மீண்டும் சேரும் தகுதியைக் கூறும். 28ஆம் கட்டத்தில், ஏன் விடுவிக்கப்பட்டார் என்ற காரணம் சில சொற்களில் அச்சிடப்பட்டிருக்கும். 24இல் ‘மதிப்புடன்’ என்றிருந்தால் போதும் என்று பலர் நிம்மதி கொள்கின்றனர். ஆனால் வேலை தருபவர் முழுப்படியைக் கேட்கும்போது, அவர் கண் முதலில் செல்வது 28ஆம் கட்டத்திற்கே.

அக்காரணம் எப்போதும் உண்மையாக இருப்பதில்லை. 2001 நவம்பர் முதல் 2007 யூன் வரை ஏறத்தாழ 26,000 படையினர் ‘ஆளுமைக் கோளாறு’ என்ற காரணத்தில் விடுவிக்கப்பட்டதாகவும், அவர்களுள் சுமார் 2,800 பேர் ஈராக், ஆப்கானித்தான் போர்ப்பணிகளுக்கு அனுப்பப்பட்டிருந்தவர்கள் என்றும் அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2008இல் அறிக்கையிட்டது. அவ்விடுவிப்புகளில் படையின் சொந்த விதிகளே சீராகப் பின்பற்றப்படவில்லை என்றும் அது சுட்டிக்காட்டியது. ஆளுமைக் கோளாறு படைக்கு வருமுன்னரே இருந்த குறையாகக் கருதப்படுவதால், அதற்கு இழப்பீடு கிடையாது. போர் தந்த மனக்காயத்தின் மீது இப்பெயர் ஒட்டப்பட்டால், பழியும் இழப்பும் அவ்வீரர் தலையிலேயே விழுகின்றன.

கணினித் துறையில் இருப்போர் அறிவர்: தரவுத்தளத்தில் பிழையாகப் பதிந்த ஒன்று தானாகத் திருந்துவதில்லை, யாரேனும் முறையிட வேண்டும். தன்பாலீர்ப்பு கொண்டோரை வெளியேற்றிய சட்டம் 2011 செப்ரெம்பரில் நீங்கியபோதும் இதுவே நிகழ்ந்தது. அச்சட்டத்தை மட்டுமே காரணமாகக் கொண்டு, வேறு குற்றச்சாட்டு எதுவுமின்றி வெளியேற்றப்பட்டோர் கேட்டால், 28ஆம் கட்டத்தைப் பொதுவான ஒரு சொற்றொடராக மாற்றித் தருமாறு மீளாய்வு வாரியங்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. கேளாதோரின் பத்திரங்கள் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடந்தன.

முறையிடும் வழி இரண்டு. விடுவிக்கப்பட்டு 15 ஆண்டுகள் நிறையவில்லையெனில், ‘டிடி 293’ படிவத்தின் மூலம் பணிவிடுவிப்பு மீளாய்வு வாரியத்தை அணுகலாம். நேரில் தோன்றிப் பேசவும் கேட்கலாம். அக்காலம் கடந்தோரும், பொதுப் படைநீதிமன்றத் தண்டனையால் வெளியேற்றப்பட்டோரும் ‘டிடி 149’ படிவத்தைப் படைப்பதிவுத் திருத்த வாரியத்திற்கு அனுப்ப வேண்டும். பிழையை அறிந்த மூன்று ஆண்டுகளுக்குள் என்பது அங்குள்ள விதி. நீதியின் பொருட்டு அதனைத் தளர்த்தும் அதிகாரமும் வாரியத்திற்கு உண்டு.

“என் காரணம் நியாயமற்றது” என்று மட்டும் எழுதுவது பயன் தராது. எந்தச் சொல் பிழை, அதற்குப் பதிலாக எச்சொல் வேண்டும், எந்த ஆவணம் அதனைக் காட்டுகின்றது என்று தெளிவாக எழுதுதல் வேண்டும். முதலில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள தேசியப் பணியாளர் பதிவு நிலையத்திலிருந்து பணிப்பதிவையும், உரிய இடத்திலிருந்து மருத்துவப் பதிவையும் பெற்றுக்கொள்ளுங்கள். மனக்காயம், மூளைக்காயம், பாலியல் வன்முறை ஆகியவை தொடர்பான விண்ணப்பங்களைத் தாராளமாக நோக்க வேண்டும் என்று 2017இல் வெளியான வழிகாட்டல் கூறுகின்றது. பாதிக்கப்பட்டவரின் சொந்த வாக்குமூலமே போதிய சான்றாகலாம் என்பதையும் அது ஏற்கின்றது. உடன் பணியாற்றியோரின் கடிதங்களும், வீடு திரும்பியபோது பிள்ளை எவ்வாறு மாறியிருந்தான் என்று பெற்றோர் எழுதும் கடிதமும் இணைக்கத்தக்கவை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அந்த உறையை அலுமாரியின் அடியில் ஒளித்து வைத்திருப்பின், வெளியே எடுங்கள். பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல் பக்கத்தில் அமர்த்தி, 28ஆம் கட்டத்தை அவனோடு, அல்லது அவளோடு, சேர்ந்து வாசியுங்கள். பின்னர் விடுவிப்புத் திகதியைப் பார்த்து, 15 ஆண்டுகள் நிறைய இன்னும் எவ்வளவு காலம் உள்ளது என்று கணக்கிடுங்கள்.