நம் பக்கத்துப் பொய்

2007 மே 9. மதுரை மேலூர் சாலையில், உத்தங்குடியில் இருந்த ‘தினகரன்’ நாளிதழ் அலுவலகத்தில் ஒரு கும்பல் பெட்ரோல் குண்டுகளை வீசியது. தீயிலும் புகையிலும் சிக்கி ஊழியர்கள் மூவர் இறந்தார்கள். அவர்களில் யாரும் செய்தி எழுதியவர் இல்லை. இருவர் கணினிப் பிரிவினர், ஒருவர் காவலாளி. அன்று காலை வெளியான கருத்துக்கணிப்புதான் காரணம். கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்ற கேள்விக்கு 70 சதவீதம் பேர் மு.க.ஸ்டாலினையும் 2 சதவீதம் பேர் மு.க.அழகிரியையும் சொன்னதாக அது கூறியது.

அந்தக் கணிப்பைப் பற்றிக் கேட்க நிறையக் கேள்விகள் இருந்தன. எத்தனை பேரிடம் கேட்டார்கள்? எந்தெந்த ஊர்களில்? கட்சித் தலைவரின் உறவினர்கள் நடத்தும் நாளிதழுக்கு அந்தக் கட்சியின் வாரிசு பற்றிக் கணிப்பு நடத்த என்ன அவசரம்? எண் பிடிக்காதவர்கள் கேட்கவில்லை, எரித்தார்கள். எண் பிடித்தவர்களும் கேட்கவில்லை, எடுத்துக் காட்டினார்கள். கருணாநிதி குடும்பமும் நாளிதழை நடத்திய உறவினர்களும் பிரிந்ததும் ஆளுக்கொரு தொலைக்காட்சி வேண்டியிருந்தது; நான்கே மாதத்தில், அண்ணா பிறந்தநாளன்று கலைஞர் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. வழக்கில் 17 பேரும் 2009-இல் விடுதலையானார்கள். 2019 மார்ச்சில்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. கொலைக்கு ஒரு தீர்ப்பு வந்தது. கணிப்பு எப்படி எடுக்கப்பட்டது என்ற கேள்வி அந்தத் தீயோடு போய்விட்டது.

மெய்யையும் பொய்யையும் பிரித்தறிவதில் நாம் தோற்பது இந்த இடத்தில்தான். பிடிக்காத செய்தி வந்தால் அதன் குலம் கோத்திரம் வரை விசாரிக்கிறோம். பிடித்த செய்தி வந்தால் இலையைப் போட்டு உட்காரவைக்கிறோம்.

பதினோரு ஆண்டு கழித்து, அதே மே 9. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் காரை நிறுத்திய ஒரு சென்னைக் குடும்பத்தை ஊர் சூழ்ந்துகொண்டது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அவர்கள் செய்தது. வட மாநிலத்திலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்திகளை ஊர் ஏற்கெனவே நம்பியிருந்தது. 65 வயது மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். சோதிக்காமல் கொல்வது மதுரைக்குப் பழைய கதை. பொற்கொல்லன் சொல்லைக் கேட்டுக் கோவலனைக் கொன்ற பிறகுதான் பாண்டியன் அவையில் சிலம்பு உடைபட்டது. அரசியின் சிலம்பில் இருந்தது முத்து; உடைத்ததில் தெறித்தது மாணிக்கம். சோதித்துப் பார்க்க ஒரு நொடி போதும். அந்த நொடியைக் கொலைக்கு முன்பே செலவிட அவையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

2023 மார்ச்சில் பொய் எதிர்த்திசையில் ஓடியது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தேடித் தேடித் தாக்குகிறார்கள் என்று காணொலிகள் பரவின. ஹோலிக்கு ஊர் கிளம்பியவர்களின் ரயில் கூட்டம், உயிருக்குப் பயந்து ஓடுகிறவர்களின் கூட்டமாகக் காட்டப்பட்டது. பீகார் சட்டமன்றத்தில் அமளி. அன்றைய தமிழக டிஜிபி சைலேந்திர பாபு விளக்கினார்: இரண்டு காணொலிகளுமே பழையவை, ஒன்று பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது, மற்றொன்று உள்ளூர்க்காரர்களின் சண்டை. பீகார் அரசு அனுப்பிய நால்வர் குழு திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து தொழிலாளர்களிடமே கேட்டது. காயத்துக்குக் கட்டுப் போட்டவர்களாகச் சிலர் தோன்றிய ஒரு காணொலி பாட்னாவில் வாடகை வீட்டில் நடித்துப் பிடிக்கப்பட்டது என்று பீகார் காவல்துறையே சொன்னது.

பீகாரிகள் எப்படித்தான் இதை நம்பினார்களோ என்று அன்று நாம் சிரித்தோம். அதற்கு ஐந்து ஆண்டுக்கு முன் அத்திமூரில் நம்பியதும் இதே பொய்தான். அங்கே தமிழன் கொலைகாரன். இங்கே வடக்கத்தியான் பிள்ளை பிடிப்பவன். வேடம் மாறியது, கூத்து மாறவில்லை.

அந்த 2023 பொய் எப்படி அடங்கியது என்பதையும் பார்க்க வேண்டும். வந்து பார்த்தார்கள், கேட்டார்கள், ஆதாரத்தை வெளியிட்டார்கள், அடங்கியது. ஆனால் தமிழக அரசு அதோடு நிற்கவில்லை. காணொலிகளைப் பரப்பியதாகக் கைதான பீகார் யூடியூபர் மணீஷ் காஷ்யப் மதுரைக்குக் கொண்டுவரப்பட்டு மத்திய சிறையில் அடைக்கப்பட்டார். ஏப்ரலில் அவர்மீது தேசியப் பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தது. நவம்பரில் அந்த உத்தரவை மதுரைக் கிளை ரத்து செய்தது. மறு ஆண்டு பா.ஜ.க.வில் சேர்ந்த அவர், பிறகு வேறு கட்சிக்குப் போய் 2025 பீகார் சட்டமன்றத் தேர்தலில் வேட்பாளராகவும் நின்றார். பொய் பரப்பினால் வழக்குப் போடலாம், போட வேண்டும். விசாரணையின்றி அடைத்துவைக்கும் சட்டத்தை எடுத்தால், குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தியாகிப் பட்டம் கட்டியதுதான் மிச்சம்.

எது மெய் என்று அரசே முத்திரை குத்தட்டும் என்பதையும் ஏற்க முடியாது. தன்னைப் பற்றிய செய்திகளைப் பொய் என்று அறிவிக்கும் பிரிவை ஒன்றிய அரசு அமைக்க வழிசெய்த விதித் திருத்தத்தை, 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழக அரசும் 2023-இல் தகவல் சரிபார்ப்புப் பிரிவு அமைத்தது. டெல்லியில் இருந்தால் தணிக்கை, சென்னையில் இருந்தால் விழிப்புணர்வு என்று பேசுவதும், அதையே தலைகீழாகத் திருப்பிப் பேசுவதும் ஒரே நேர்மையின்மைதான். வழக்கில் ஒரு தரப்பாக இருப்பவர் நீதிபதியின் நாற்காலியில் உட்காரக் கூடாது. அரசு தன் ஆதாரத்தை வெளியிடட்டும். தீர்ப்பை மக்கள் சொல்லட்டும்.

அப்படியானால் நடுநிலை ஊடகத்தைத் தேடி அலைவதா? சார்பு ஒரு குற்றம் என்று நாம் கருதவில்லை. ‘முரசொலி’ யாருடையது, ‘தீக்கதிர்’ யாருடையது என்று தெரிந்தேதான் மதுரைக்காரர்கள் வாசித்தார்கள். கட்சிப் படிப்பகத்தில் நாலு நாளிதழ் கிடக்கும். டீக்கடை பெஞ்சில் ஒருவர் உரக்க வாசித்தால், மறுத்துப் பேச எதிர்க்கட்சிக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். கொஞ்சம் மிகைப்படுத்தினாலும் அங்கேயே குட்டு விழும். இன்று அதே பெஞ்சில் நாலு பேர் நாலு கைபேசியைப் பார்க்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் விருப்பமே செய்தியாகத் திரும்பி வருகிறது. மறுக்கிற ஆள் தோளுரசி உட்கார்ந்திருக்கிறார். அந்த மறுப்புக்குத்தான் வாய்ப்பில்லை. போதாக்குறைக்கு, நாளிதழ் என்றால் உரிமையாளர் யார் என்று ஆண்டுதோறும் அறிவிப்பு அச்சிட வேண்டும். இரவோடு இரவாக முளைக்கும் யூடியூப் சானலுக்குப் பின்னால் யாருடைய பணம் இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. கொடியைக் காட்டிப் பேசுகிறவரோடு வாதாடலாம். கொடியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடுநிலை பேசுகிறவரிடம்தான் ஏமாறுகிறோம்.

நம் பெருமை சம்பந்தப்பட்ட இடத்தில் இந்தச் சோதனை இன்னும் கடினம். மதுரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது கீழடி. அங்கே 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரியின் காலம் பொ.ஆ.மு. 580 என்று அமெரிக்க ஆய்வகம் கணித்தது. எந்த ஆழம், எந்த ஆய்வகம், எந்த முறை என்று கேட்டால் பதில் வருகிறது. அதனால்தான் அது அறிவு. அதே கீழடியின் பெயரில் இன்னும் பல்லாயிரம் ஆண்டுகளைக் கூட்டிச் சொல்லும் பதிவுகளுக்கு ஆழமும் இல்லை, ஆய்வகமும் இல்லை. அவற்றைப் பகிரும் கை, கீழடியை மறுப்பவர்களுக்குத்தான் உதவுகிறது. மறுபக்கம், கீழடியை அகழ்ந்த தொல்லியலாளர் அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் அளித்த 982 பக்க அறிக்கையைத் திருத்தித் தரும்படி இந்தியத் தொல்லியல் துறை 2025 மே மாதம் கேட்டது. இரண்டு ஆண்டுக்கு மேல் கையில் வைத்திருந்துவிட்டுக் கேட்கும் கேள்விமீது சந்தேகம் எழத்தான் செய்யும். ஆட்சேபம் இருந்தால் அறிக்கையையும் ஆட்சேபத்தையும் சேர்த்தே வெளியிடுவதுதான் முறை. பூட்டிவைத்த மெய் வதந்திக்குத் தீனி.

செய்ய வேண்டியவை எளியவை, மனம்தான் வேண்டும். தவறான செய்தி முதல் பக்கத்தில் வந்திருந்தால் திருத்தமும் முதல் பக்கத்தில் வரட்டும். ஐந்தாம் பக்கத்து மூலையில் ‘வருந்துகிறோம்’ என்று போடுவது திருத்தம் ஆகாது. இந்த விதி இந்த நாளிதழுக்கும் பொருந்தும். செய்தி நடத்தும் ஒவ்வொரு சானலும் தன் உரிமையாளர் யார் என்று சொல்லட்டும். ஒரு வதந்தி கிளம்பினால் மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் சில மணி நேரத்துக்குள், தமிழிலும் தொழிலாளர் மொழியிலும், ஆதாரத்தோடு பேசட்டும். வெறும் ‘வதந்திகளை நம்பாதீர்’ யாரையும் நம்பவைக்காது. ஒரே நிகழ்வைச் சொல்லும் இரண்டு எதிரெதிர் நாளிதழ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் பயிற்சி நம் பள்ளிகளில் வாரம் ஒரு பாடவேளையாவது நடக்கட்டும்.

மீதி நம் கட்டைவிரலில் இருக்கிறது. பலமுறை பகிரப்பட்ட செய்திக்கு வாட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி போடுகிறது. எழுதியவர் யாரென்று தெரியாத சரக்கு என்பதற்கு அதுவே அடையாளம். அந்தக் குறியோடு எதிரணித் தலைவரைக் கேவலப்படுத்தும் செய்தி ஒன்று வந்து, படித்தவுடன் மனம் குளிர்ந்தால், அங்கேதான் நிற்க வேண்டும். இதே ஆதாரத்தோடு நம் தலைவரைப் பற்றி வந்திருந்தால் நம்பியிருப்போமா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லை என்று பதில் வந்தால், அனுப்பாமல் அழித்துவிடுவோம். எதிரியின் பொய்யைப் பிடிக்க நாட்டில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் பக்கத்துப் பொய்யைப் பிடிக்க நம்மை விட்டால் ஆளில்லை.